ஒலிவியா கோல்மன்: பிராட்சர்ச்சா, தி ஃபேவரிட்டா?
பிரிட்டிஷ் நடிகை ஒலிவியா கோல்மன் நடிச்சதுல எத மொதல்ல பாக்கலாம்னா, ஆஸ்கர் வாங்கிக் குடுத்தது 2018ல வந்த தி ஃபேவரிட் படம்தான், இங்கிலாந்தோட ஆன் ராணியா சக்கர நாற்காலில உக்காந்து மத்தவங்க ஆடுறத பாத்துட்டே இருக்கறப்போ டயலாக்கே இல்லாம முகம் மெதுவா மாறும் பாருங்க, யப்பா! ஆனா என் ஓட்டு 2013ல ஐடிவிங்கற பிரிட்டிஷ் சேனல்ல வந்த பிராட்சர்ச் சீரிஸுக்குத்தான். சின்ன ஊரு போலீஸ் எல்லி மில்லர், கொலையானது தன் மகனோட ஃப்ரெண்டு, மொத சீசனோட எட்டு எபிசோடும் அவங்க கூடவே சுத்துறதால கடைசில விசாரணை ரூம்ல அவங்க உடையறப்போ நமக்கும் தாங்காது (கொலகாரன் யாருன்னு சொல்லமாட்டேன்). நேரம் கம்மின்னா, ரெண்டு மணி நேரத்துல தி ஃபேவரிட் படத்த முடிச்சிரலாம். அவங்க நடிச்ச தி கிரௌன் சீரிஸ் எல்லாம் அப்புறம்.