இண்டர்காமின் ஃபின்: எதைத் தீர்வு என்று எண்ணுவது?

வாடிக்கையாளர் சேவை மென்பொருள் நிறுவனமான இண்டர்காம் 2023-இல் அறிமுகப்படுத்திய ஃபின், வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குத் தானே பதிலளிக்கும் செயற்கை நுண்ணறிவு முகவர். தீர்த்துவைக்கும் ஒவ்வொரு உரையாடலுக்கும் 99 அமெரிக்க சென்ட் என்பதே அதன் அடிப்படை விலை. வேலை முடிந்தால்தான் கூலி என்னும் இந்த ஏற்பாட்டை அதன் முதன்மையான சிறப்பாகக் கருதுகிறேன். ஏற்கெனவே ஸென்டெஸ்க் என்னும் போட்டி வாடிக்கையாளர் சேவை மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதை மாற்றாமலே ஃபின்னை இணைத்துக்கொள்ளலாம் என்பதும் நல்ல வசதி.

ஆனால் எது தீர்வு என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் விதியை, வாங்குவதற்கு முன் நிதானமாகப் படித்துவிட வேண்டும். பதில் திருப்தியளித்தது என்று வாடிக்கையாளர் சொன்னாலும் தீர்வுதான். மேற்கொண்டு உதவி கேட்காமல் அவர் வெளியேறிவிட்டாலும் தீர்வுதான். பணம் எப்போது திரும்ப வரும் என்று கேட்டவர், கிடைத்த பொதுப்படையான பதிலில் சலித்துப்போய், உரையாடலை மூடிவிட்டு மறுநாள் தொலைபேசியில் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: முகவரின் கணக்கில் அது வெற்றி, நிறுவனத்துக்கோ ஒரே புகாருக்கு இரண்டு செலவு. ஆகவே, தீர்ந்ததாகப் பதிவானவர்களில் எத்தனை பேர் அதே குறைக்காக வேறு வழியில் திரும்பி வந்தார்கள் என்பதை நிறுவனமே தனியாக எண்ணிப் பார்க்காமல் ஒப்பந்தத்தை விரிவாக்கக் கூடாது.

இது வீண் அச்சமன்று. பொருளை வாங்கிவிட்டுப் பிறகு பணம் செலுத்தும் வசதியைத் தரும் ஸ்வீடன் நிறுவனமான கிளார்னா, தான் அமர்த்திய செயற்கை நுண்ணறிவு உதவியாளர் முதல் மாதத்திலேயே 23 லட்சம் உரையாடல்களைக் கையாண்டு, 700 முழுநேர ஊழியர்களுக்கு ஈடான வேலையைச் செய்ததாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அடுத்த ஆண்டே, செலவைக் குறைப்பதில் அளவுமீறிக் கவனம் செலுத்தியதால் தரம் குறைந்தது என்று அதன் தலைவர் செபாஸ்டியன் சீமியாட்கோவ்ஸ்கி ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளர் சேவைக்கு மீண்டும் ஆள் எடுக்கவும் முனைந்தார்.

பொறுப்பும் எந்திரத்தின் தலையில் விழாது. துக்க நிகழ்வுக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கோரலாம் என்று ஏர் கனடாவின் அரட்டைக் கருவி தவறாகச் சொல்ல, அக்கருவி தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்கிற அளவுக்கு அந்த நிறுவனம் வாதாடியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024-இல் அதை ஏற்க மறுத்து, பயணிக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

ஆர்டர் எங்கே இருக்கிறது, கடவுச்சொல்லை எப்படி மாற்றுவது போன்ற கேள்விகளுக்கு ஃபின்னைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பணத்தைத் திருப்பித் தருவதும் சலுகை வழங்குவதும், திரும்பி வருவோரின் எண்ணிக்கை சில மாதங்கள் தொடர்ந்து குறைவாக இருப்பது உறுதியாகும் வரை, ஓர் ஊழியரின் ஒப்புதலுக்குப் பின்னரே நடக்கட்டும்.