மூன்றாவது கேபிள் மாட்டும் முன் மீட்டரைச் சோதியுங்கள்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்ததில் தொடங்கிய ஒரு சின்ன வேலை, என் வண்டியின் எஞ்சின் உறையில் விரிசலாக வந்து நிற்கிறது. விரிசல் விட்டதைச் சொல்லாமல் மறைத்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வண்டி 1963இல் செய்தது. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே அலுமினிய உறையில் அமைந்த வகை. ஸ்பீடோமீட்டருக்கான சுழற்சி சக்கரத்திலிருந்து வருவதில்லை. கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு பல்சக்கரத்திலிருந்து கேபிள் வழியாக மேலே போகிறது. மீட்டர் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் குரோனோமெட்ரிக் வகை. உள்ளே கடிகாரம் போன்ற அமைப்பு இருப்பதால் முள் விட்டுவிட்டுத் தாவித்தான் நகரும், அது பழுதல்ல. ஆனால் என் மீட்டரின் முள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கியது. பிறகு கேபிள் அறுந்தது.

பழைய வண்டிகளில் கைதேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட ஒரு பட்டறையில் விட்டேன். புதுக் கேபிள் மாட்டினார்கள், அறுந்தது. இன்னொன்று மாட்டினார்கள், அதுவும் அறுந்தது. மூன்றாவது முறை, "உள்கம்பியைத் தடிமனாகப் போட்டிருக்கிறோம், இனி அறாது" என்றார் மெக்கானிக். அறவில்லைதான். பல்சக்கரம் போய்விட்டது.

கேபிள் ஏன் அறுகிறது என்ற கேள்வியை அங்கே யாருமே கேட்கவில்லை. நானும் கேட்டிருக்க வேண்டும். மீட்டருக்குள் இருந்த பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகி, சுழல வேண்டிய பாகம் இறுகியிருந்தது. கீழே கியர் பெட்டி சுற்றுகிறது, மேலே மீட்டர் சுற்ற மறுக்கிறது. நடுவில் இருக்கும் மெல்லிய உள்கம்பி முறுகி அறுகிறது. அது அறுவதால்தான் மற்றவை பிழைக்கின்றன. தடித்த கம்பியைப் போட்டதும் அந்த விசை முழுவதும் பல்சக்கரத்தின் மேல் இறங்கிப் பற்களை வழித்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கேபிளின் கீழ்முனையைக் கழற்றி உள்கம்பியை விரலால் திருகிப் பாருங்கள். மீட்டரோடு சேர்ந்து அது இலகுவாகச் சுழல வேண்டும். பிறகு மேல்முனையையும் மீட்டரிலிருந்து கழற்றி, கீழே மாட்டிவிட்டு, வண்டியை மெல்லத் தள்ளுங்கள். கம்பி சீராகச் சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. (கேபிளுக்கு கிரீஸ் தடவும்போது மீட்டர் பக்கத்தில் ஒரு சாண் அளவை விட்டுவிடுங்கள். சுழலும் கம்பி கிரீஸை மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுபோய்விடும்.)

அடுத்து நடந்ததுதான் பெரிய சேதம். பற்கள் மழுங்கிய பல்சக்கரம், அதைத் தாங்கும் சிறு உலோகக் குழாயான புஷ்ஷோடு உறையில் இறுகிக்கொண்டது. உறையைச் சுமார் 100 டிகிரி வரை சீராகச் சூடாக்கினால், அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். வெண்கலத்தைவிடவும் அதிகம் விரியும். புஷ் தானாகவே பிடி விடும். அதற்கு முன்னால், புஷ்ஷை இடத்தில் நிறுத்தியிருக்கும் சிறு திருகைக் கழற்ற வேண்டும். இவர்கள் இரண்டையும் செய்யவில்லை. குளிர்ந்த உறையின் மேல் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். கேபிள் வந்து சேரும் கழுத்துப் பகுதி விரிந்து, விரிசல் உறைக்குள் ஓடிவிட்டது. அதன் மேல் எபாக்சி பசையைப் பூசி, வெள்ளி நிற பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

வண்டியை நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டு. கேட்டதற்கு, "பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும்" என்று பதில். கியர் ஆயிலை வடித்துப் பார்த்தேன். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள்கள், அதாவது வெண்கலத் துகள்கள், கிடந்தன. வேறொரு மெக்கானிக் பெயின்ட்டைச் சுரண்டியபோது உளியின் தழும்புகளும், தலை உடைந்த திருகும், முடி போன்ற விரிசலும் வெளியே வந்தன. பட்டறைக்காரரிடம் படங்களைக் காட்டினேன். வண்டி வரும்போதே அப்படித்தான் இருந்தது என்கிறார். விடும்போது நான் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. நீங்கள் எடுத்து வையுங்கள். கேபிள் நுழையும் இடத்தை நான்கு பக்கமும் எடுங்கள், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். என் பாகங்களைக் "குப்பையில் போட்டுவிட்டோம்" என்றார்கள்.

வேறு உறை வாங்கிப் போடுவதும் எளிதல்ல. இந்த உறையின் இரண்டு பாதிகளும் ஜோடியாகச் சேர்த்துக் கடையப்பட்டவை. ஒரு பாதியை மட்டும் மாற்றினால் தாங்கிகளின் (பேரிங்) நேர்கோடு தவறும். எஞ்சின் எண்ணும் உறையில்தான் பொறித்திருக்கிறது. ஆகவே வெல்டிங்தான் வழி. அறுபது ஆண்டு ஆயில் அலுமினியத்தின் நுண்துளைகளில் ஊறியிருப்பதால் வெல்டிங் பிடிக்காமல் குமிழ் விடுகிறது. ஆர்கான் வெல்டிங் செய்பவர் சூடாக்கி ஆயிலை எரித்து, சுத்தம் செய்து, மறுபடி சூடாக்கிக்கொண்டிருக்கிறார். அது முடிந்ததும் தாங்கி உட்காரும் துளைகள் கோணியிருக்கின்றனவா என்று அளக்க வேண்டும். எஞ்சின் முழுவதும் பிரிந்து டப்பாக்களில் கிடக்கிறது. மீட்டரை மட்டும் தனியாகச் சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கிவிட்டேன். இப்போது விரலால் திருகினாலே சுழல்கிறது.