ஆயில் குடிக்கும் வண்டியும் படிக்க முடியாத டிப்ஸ்டிக்கும்

நான் ஓட்டும் அதே மாடல் பெட்ரோல் கார் ஒன்றை நண்பர் செகண்ட் ஹேண்டில் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. "உங்களுது ரெண்டு லட்சத்தைத் தாண்டிடுச்சே, இன்ஜின் எப்படி இருக்கு? ஆயில் குடிக்கும்னு சொல்றாங்களே?" என்று கேட்டார். மைலேஜ், இடவசதியெல்லாம் அவருக்கே தெரியும். ஆயில் சங்கதியை மட்டும் எழுதிவிடுகிறேன்.

குடிக்கும்; இன்ஜின் ஆயில் எரிந்து குறைந்துகொண்டே வரும். ஆனால் அதை இந்த இன்ஜினின் குறையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவு ஓடிய பிறகும் ஐட்லிங்கில் ஸ்டியரிங் அதிராது. மேட்டில் மூன்றாம் கியரிலேயே முனகாமல் ஏறும். சமீபத்தில், சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தபோது நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. என் கோபமெல்லாம் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் மேல்தான்.

மெல்லிய தகட்டுக் கம்பி. நுனிக்குப் பக்கத்தில் இரண்டு சின்னத் துளைகள்; கீழே உள்ளது குறைந்தபட்ச அளவு, மேலே உள்ளது அதிகபட்சம். உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் ஒரு பக்கம் மேல் துளைவரை ஆயில், திருப்பினால் மறுபக்கம் பாதிதான். கம்பி போகும் குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயில் வழியில் இழுபட்டுப் பூசிக்கொள்வதால் வரும் வினை இது. புது ஆயில் ஊற்றிய சில நாட்களுக்கு நிலைமை இன்னும் மோசம். தேன் நிற ஆயில், பளபளக்கும் கம்பி. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாலும் கோடு எங்கே முடிகிறதென்று பிடிபடாது. இரண்டு பக்கத்தில் எது குறைவோ அதையே கணக்கில் எடுக்க வேண்டும். இரவெல்லாம் சமதளத்தில் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்த்தால்தான் கொஞ்சமாவது தெளிவாகத் தெரிகிறது.

இரண்டு துளைகளுக்கும் இடையில் இருப்பது சுமார் ஒரு லிட்டர். பாதி என்று நினைத்தது தப்பானால் அரை லிட்டர் போயிற்று. கதவு சரியாகச் சாத்தாவிட்டால் விளக்கு, பெல்ட் போடாவிட்டால் சத்தம், பெட்ரோல் குறைந்தால் முள். இன்ஜினின் உயிரான ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல இந்த வண்டியில் ஒன்றுமே இல்லை. டேஷ்போர்டில் இருக்கிற சிவப்பு ஆயில் விளக்கை நம்பி ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள்: அது அளவைக் காட்டும் விளக்கு இல்லை, அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்லும் விளக்கு. வளைவில் திரும்பும்போது அது மின்னினால், ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகள் அதற்குள் அடி வாங்கியிருக்கலாம்.

என் வண்டி குடித்த கதைக்கு வருகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப் புகை குப்பென்று வந்து அடங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கிவிட்டு மறுபடி மிதித்தாலும் அதே புகை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்த மாத்திரத்தில் "ரிங் போச்சு, இன்ஜினைப் பிரிச்சிடலாம்" என்றார்கள். பிஸ்டனைச் சுற்றியிருந்து ஆயில் மேலே வராமல் தடுக்கும் அந்த ரிங் தேய்ந்திருந்தால் அழுத்தி ஓட்டும்போதெல்லாம் புகைய வேண்டும், கம்ப்ரஷனும் பெரும்பாலும் இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. வேறொரு மெக்கானிக் சரியாகப் பிடித்தார்: வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டு வழியாக ஆயில் சிலிண்டருக்குள் வடியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றவே இல்லை. பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, வால்வு கீழே விழாமல் நிறுத்திவைத்து, ஸ்பிரிங்கை அமுக்கிப் பழைய சீலை உருவினார். ரப்பர் என்று பேர்தான். நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துக் கிடந்தது. கூடவே அடைத்துக் கிடந்த பிசிவி வால்வையும் (இன்ஜினின் அடிப்பாகமான கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றுவது) மாற்றினார். அது அடைத்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, கண்ட இடத்தில் ஆயிலை வெளியே தள்ளும். முன்பு ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் போய்க்கொண்டிருந்தது. இப்போது அதில் கால்வாசிகூட இல்லை. முழுக்க நிற்கவில்லை, இந்த வயதில் நிற்கவும் நிற்காது.

"பழைய வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊத்துங்க, எல்லாம் சரியாயிடும்" என்று தடிமனான ஆயிலைச் சொல்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண், சூடான ஆயிலின் தடிமனைச் சொல்லும் கிரேடு. என் மேனுவலில் 5டபிள்யூ-30 முதலாவது. 10டபிள்யூ-40க்கும் அனுமதி உண்டு. இந்த இரண்டாவதில்தான் ஓட்டுகிறேன். 100 டிகிரி செல்சியஸில் 30 கிரேடின் பிசுபிசுப்பு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் இருக்கும், 40 கிரேடு அங்கிருந்து 16.3 வரை போகும். தேய்ந்த இன்ஜினுக்கு அந்தக் கூடுதல் தடிமன் போதும். அதற்கும் மேலே போனால் குளிர்ந்த இன்ஜினில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், இன்ஜின் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் அதுவரை வறண்டு கடகடக்கும். விறைத்த சீலை எந்தக் கிரேடும் புதிதாக்காது.

குறைந்த ஆயிலை டாப்-அப் செய்கிறோமே, ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடலாம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். ஃபில்டர் பழையது, உள்ளே மிச்சமிருக்கும் ஆயிலும் பழையது. குறுகிய தூரமே அதிகம் ஓடும் வண்டி என்பதால் 5,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுகிறேன். இன்ஜினுக்குள் ரசாயனம் ஊற்றிக் கழுவும் ஃபிளஷ் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பல வருடம் படிந்த கசடு ஒரேயடியாகப் பெயர்ந்து அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள வலையை அடைத்தால் ஆயில் பம்ப் எதை உறிஞ்சும்?

இந்த இன்ஜினுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். என் வண்டியை விற்கவும் மாட்டேன். ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீங்க. வாரா வாரம் போனட்டைத் திறந்து அந்தக் கம்பியோடு மல்லுக்கட்டுகிற ஆள் இல்லை அவர். ஆயில் அளவுக்குச் சென்சார் வைத்த வண்டியாகப் பார்க்கட்டும். என் பேச்சைக் கேட்காமல் போய்ப் பார்ப்பதென்றால், காலையில் தான் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகட்டும். போனதும் முதல் வேலையாக போனட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், காலைப் புகையை மறைக்க முன்பே ஸ்டார்ட் செய்திருக்கலாம்; அடுத்த பேச்சே வேண்டாம்.