காந்தத்தை நம்பி எஸ்.எஸ். தொட்டி வாங்காதீங்க

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தொட்டி வாங்கப் போகிறவர்கள் என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள். கோவையில் சின்னதாக இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். அரிசி ஊறவைக்கத் தொட்டி தேவைப்பட்டது.

முதல் கடையில் 304 ரக ஸ்டீல் என்றார்கள். காந்தம் ஒட்டினால் அசல் 304 இல்லை என்று நம்பியிருந்தேன். கையோடு கொண்டுபோன காந்தத்தை வைத்தேன். பக்கத் தகட்டில் ஒட்டவில்லை. பிரஸ்ஸில் அழுத்திக் குழித்த அடிப்பக்கத்தில் டக்கென்று ஒட்டியது. "வளைச்ச இடத்துல அப்படித்தானுங்க தம்பி" என்றார் கடைப் பெரியவர். சமாளிக்கிறார் என்று நினைத்து வந்துவிட்டேன்.

அடுத்த கடையில் இருந்தது தட்டையான அடிப்பக்கம். எங்கே வைத்தாலும் ஒட்டவில்லை. "ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணினதுங்க, அதான்" என்று அதற்குத் தனியாக 1,800 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாம் மாதம் வெல்டிங் ஓரமெல்லாம் டீக்கறை மாதிரி துரு. ஒரு துண்டு வெட்டி லேபில் கொடுத்தேன். மாங்கனீசு 9 சதவீதம், நிக்கல் நாலரை. அதாவது 202. 304 என்றால் நிக்கல் 8-க்குக் குறையக் கூடாது, மாங்கனீசு 2-ஐத் தாண்டக் கூடாது. நிக்கல் விலை அப்படி. அதைக் குறைத்து மாங்கனீசைப் போட்டுச் செய்வதுதான் 202. இரண்டுமே தட்டைத் தகடாக இருக்கும்போது காந்தம் ஒட்டாத ரகம். 430 மாதிரி எங்கும் ஒட்டுகிற ரகத்தைத்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும்.

பெரியவர் சொன்னது நிஜம். 304-ஐச் சூடாக்காமல் அழுத்தி வளைத்தால் அந்த இடத்தில் அணு அடுக்கு மாறி மார்ட்டென்சைட் என்ற வேறு அமைப்பு உண்டாகும். காந்தம் பிடிப்பது அதைத்தான். அது போக வேண்டுமென்றால் வளைத்தபிறகு 1,050 டிகிரி செல்சியஸ் வாக்கில் காய்ச்சி, சட்டென்று குளிரவைக்க வேண்டும். சாதாரண உலையில் காய்ச்சினால் தகடு கருத்துப் பொருக்குத் தட்டும், மெல்லிய தொட்டி கோணிக்கொள்ளும். அதை ஆசிட்டில் கழுவி மறுபடி பஃபிங் அடிக்க 1,800 ரூபாய் எந்த மூலைக்கு? அன்றைக்கு இது தெரியாமல் போச்சு.

தகட்டில் ஒரு சொட்டு சோதனைத் திரவம் விட்டு பேட்டரி வைத்தால் மாங்கனீசு அதிகமா என்று நிறம் காட்டிவிடும். அந்த கிட் கடையில் இருந்தால் கண்முன்னால் சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். லேப் ரிப்போர்ட்டோடு நான் போனபோது கடைக்காரர் பில்லைத்தான் விரித்துக் காட்டினார். எஸ்.எஸ். தொட்டி 1, ஹீட் ட்ரீட்மென்ட் 1.

"இதுல 304-ன்னு எங்கங்க இருக்கு?"