கோவையில் நைட்ரோ டிரக் வாங்கினோம்: கடையும் கணபதி ஒர்க்‌ஷாப்பும்

அண்ணன் மகனுக்கு நைட்ரோ ஆர்.சி. டிரக் (ரிமோட்டில் ஓட்டுகிற, நைட்ரோ எரிபொருள் எஞ்சின் வைத்த சின்ன வண்டி) ஒன்று வாங்கித் தருவதாக டல்லாஸிலிருந்து கிளம்பும்போதே சொல்லியிருந்தேன். பேட்டரியில் ஓடுகிற கார் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவன் கேட்டது நிஜ எஞ்சின் வைத்து, புகை விட்டு, சத்தம் போட்டு ஓடுகிற வண்டி. என்னிடமே ஒன்று கராஜில் கிடக்கிறது. ஆனால் எரிபொருள் வாடை அடிக்கிற எஞ்சினை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அதனால் ஊரிலேயே வாங்குவது என்று முடிவு.

முதலில் போனது புதிது விற்கிற கடைக்கு. பெயர் வேண்டாம். பத்தில் ஒரு பங்கு அளவு, 3 சிசி எஞ்சின், நாற்பதாயிரத்தைத் தொடும் விலை. பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னேன்.

"சீல் உடைச்சா ரிட்டர்ன் கிடையாது சார்."

எஞ்சினின் சுழல் சக்கரமான பிளைவீலை விரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் போதும், அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை என்றேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். அவரும் அதையே சொன்னார். எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கிற க்ளோ பிளக் தனியாக இருக்கிறதா என்று கேட்டால் ஆர்டர் போட வேண்டுமாம். எரிபொருள்? "அது நாங்க வைக்கிறதில்லை சார். எலக்ட்ரிக் எடுத்துக்குங்களேன், ஆஃபர் போய்ட்டிருக்கு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. க்ளோ பிளக் என்பது தேய்கிற சாமான். பழகுகிற காலத்தில் பையன்கள் ஒன்றிரண்டு பிளக்கையாவது எரித்துத்தான் தீர்ப்பார்கள். பிளக்கும் இல்லை, எரிபொருளும் இல்லை, ஆனால் வண்டி மட்டும் விற்பார்கள் என்றால் வாங்கிக்கொண்டு போய் ஷோகேஸில் வைப்பதா? இதே ஊரில் ஒப்பணக்கார வீதியில் மிக்ஸி வாங்கினால் கடையிலேயே பிளக்கில் மாட்டி ஓட்டிக் காட்டி, கியாரண்டி கார்டில் சீல் குத்திக் கொடுப்பார்கள். பல்பு வாங்கினால்கூட எரியவிட்டுக் காட்டித்தான் காகிதத்தில் சுற்றுவார்கள். அந்தப் பழக்கம் எங்கே போனது? டல்லாஸில் நான் போகிற கடையில் எரிபொருள் கேன்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். பிளக் நாலு வகை தொங்கும். கவுன்டரில் இருப்பவரே பெட்டியைத் திறந்து எஞ்சினைக் கையில் கொடுப்பார். அங்கேயும் நைட்ரோ குறைந்துகொண்டுதான் வருகிறது, அலமாரியில் பாதிக்கு மேல் பேட்டரியில் ஓடுகிற பிரஷ்லெஸ் மோட்டார்தான். ஆனாலும் விற்கிற பொருளுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு விற்கிறார்கள்.

பிறகு பழைய வண்டி தேடினோம். சிங்காநல்லூர் பக்கம் ஒரு வீட்டில் ட்ராக்ஸாஸ் டி-மேக்ஸ் 3.3 இருப்பதாகத் தகவல் வந்தது. டி-மேக்ஸ் 1999-இல் வந்த வரிசை. டெக்ஸஸ் கம்பெனி, என் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் இருக்கிறது. அதற்கு இன்னும் உதிரிபாகம் கிடைக்கிறது என்பது எனக்குத் தெரியும். முதல் வண்டிக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டாம். கண்ணுக்கு எவ்வளவு லட்சணமாக இருந்தாலும், சஸ்பென்ஷன் ஆர்ம் உடைந்தால் மாற்ற முடியாத மாடலை வாங்கவே கூடாது.

வீட்டுக்காரரின் மகன் கனடா போய்விட்டானாம். வண்டி பரணில் வருடக்கணக்கில் கிடந்திருக்கிறது. "எஞ்சின் ஜாம் ஆயிருச்சுங்க, சுத்த மாட்டேங்குது. அதான் பதினெட்டாயிரத்துக்கே தர்றேன்" என்றார் வெளிப்படையாக. ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்த்தோம், திணறி நின்றது. பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம் என்றதும் மறுபேச்சில்லாமல் வண்டியைக் கொடுத்து, "ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க, நானும் வர்றேன்" என்று கூடவே கிளம்பிவிட்டார். முன்பின் தெரியாதவரிடம் இந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது!

கணபதியில் அண்ணனுக்குத் தெரிந்த லேத் ஒர்க்‌ஷாப். பம்ப் செட் வேலை, ஸ்கூட்டர் சிலிண்டர் ரீபோர், கிடைத்தது எல்லாம் செய்வார்கள். உரிமையாளருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஆர்.சி. வண்டியை அதற்குமுன் தொட்டதில்லை என்றார். எஞ்சினைக் கையில் வாங்கினார், பிளக்கைக் கழற்றினார், துளையருகே மூக்கை வைத்தார்.

"விளக்கெண்ணெய் வாசம் வருதுங்களே."

ஆமாம். நைட்ரோ எரிபொருளில் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் போக, உயவுக்கென்று எண்ணெய் கலந்திருக்கும். அதில் ஆமணக்கு எண்ணெய்க்கு இன்றும் இடம் உண்டு. நிஜக் கார் எஞ்சின் போல இதற்குத் தனி ஆயில் கிடையாது, எரிபொருளோடு போகிற எண்ணெய்தான் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. அந்தக் காலப் பந்தய பைக்குகளிலும் விளக்கெண்ணெய்தான் என்று அவரே சொன்னார். இளவயதில் சோழவரம் ரேஸ் பார்க்கப் போனவராம். இந்த ஊர்ப் பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய காலத்துக் கதைகளெல்லாம் வந்தன. செட்டிபாளையத்தில் இப்போது அவர் பெயரில் ரேஸ் டிராக்கே இருக்கிறது. இந்த ஊருக்கு எஞ்சின் புதிதில்லை. எனக்கோ அந்த வாசத்தில் பாட்டி பேதிக்குக் கொடுத்த விளக்கெண்ணெய் ஞாபகம்தான் வந்தது.

"இது ஜாமாகலீங்க தம்பி. எண்ணெய் காஞ்சு பிசினாயிருச்சு. சூடு காட்டுனா விட்டுரும்."

ஹீட் கன் எடுத்தார். தலைப்பகுதியைச் சுற்றிச் சுற்றி நிதானமாகக் காட்டினார். பிளக் துளையில் நாலு சொட்டு எண்ணெய் விட்டார். ஸ்பேனரை வைத்து நெம்பவில்லை, அதைத்தான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பனியன் துணியைப் பிளைவீலில் சுற்றி, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் பழுப்பாக ஏதோ கசிந்தது, எஞ்சின் ஒரு முழுச் சுற்று சுற்றியது. அண்ணன் மகன் கத்தியே விட்டான்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான சோதனை. ஆறவிட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டி, விரலால் சுற்றினார். பிஸ்டன் மேலே வரும்போது பிடித்து நின்றது. இன்னும் அழுத்தியதும் 'டக்'கென்று தாண்டியது. வீட்டுக்காரர், "பாருங்க, இன்னும் மாட்டுதே" என்றார். ஒர்க்‌ஷாப்காரர் தலையை ஆட்டினார். "பிடிக்கணுங்க. பிடிச்சாத்தான் போர் தேயலைன்னு அர்த்தம்."

பழைய நைட்ரோ வண்டி வாங்குகிற யாரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இந்த எஞ்சின்களில் பிஸ்டன் ரிங் கிடையாது. அலுமினிய பிஸ்டன், அது ஓடுகிற குழலாக (போர் என்று அவர் சொன்னது இதன் உட்புறம்) குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ். ஸ்லீவின் மேல்பக்கம் மயிரிழை அளவுக்குக் குறுகலாகக் கடைந்திருப்பார்கள். சூடேறியதும் பித்தளை அலுமினியத்தைவிடக் கூடுதலாக விரிந்து சரியான இடைவெளி கிடைக்கும். குளிர்ந்திருக்கும்போது உச்சியில் பிடிக்கிற எஞ்சின் ஆரோக்கியமானது. வழவழவென்று சுற்றினால் அதன் காலம் முடியப்போகிறது. விற்கிறவர் அதை "ஸ்மூத்தா இருக்கு பாருங்க" என்று பெருமையாகச் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். வண்டியைக் காட்டும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தாலும் இந்தச் சோதனை பலிக்காது. குளிர்ந்த எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரருக்கு இப்போது எஞ்சின் நன்றாக இருப்பது தெரிந்துவிட்டது. விலையை ஏற்றுவார் என்று நினைத்தேன். "சொன்னது சொன்னதுதானுங்க" என்று பதினெட்டையே வாங்கிக்கொண்டார். ஸ்டார்ட்டர், இரண்டு பிளக், சீல் பிரிக்காத எரிபொருள் டப்பா எல்லாம் அதிலேயே சேர்த்தி. கடையில் நாற்பதாயிரம் கொடுத்தாலும் கிடைக்காத எரிபொருள்!

எஞ்சினை அங்கேயே ஸ்டார்ட் செய்தோம். பிடித்தது, ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் வேகம் இறங்க மறுத்தது. எங்கோ காற்று இழுக்கிறது என்று அர்த்தம். டல்லாஸாக இருந்தால் கார்புரேட்டரையே மாற்று என்று பார்ட் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். மணிக்கணக்குக் கூலி கொடுத்து இதைப் பிரிப்பதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்பது அங்கே உள்ள கணக்கு. இவர் எஞ்சினின் வாய்களை எல்லாம் சைக்கிள் டியூப் துண்டால் அடைத்து, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, ரப்பர் குழாய் வழியாக வாயால் ஊதினார். கார்புரேட்டரின் கழுத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. அங்கிருந்த பழைய ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) எடுத்து வெர்னியர் வைத்து அளந்தார். பம்ப் செட்டுக்காக வைத்திருந்த டப்பாவைக் கொட்டி, அதே அளவில் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினார். திரும்ப முக்கினார். குமிழி நின்றது.

இதற்கு நடுவில் டீயும் தேங்காய் பன்னும் வந்தன. கூலி இருநூறு ரூபாய். கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஏசி கடையில் பெட்டியைத் திறக்கவே இத்தனை பேச்சு, இங்கே அரைநாள் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு ஒருவர் வாளி முன்னால் குந்தியிருக்கிறார்.

எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கிற கார்புரேட்டர் ஊசியைத் திருகி ட்யூன் பண்ணுவதை அண்ணன் மகனுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். புகை மெல்லிய நீலமாகத் தெரிய வேண்டும். எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சில நொடிகள் கொதித்து மறைய வேண்டும். பட்டவுடன் துள்ளி மறைந்தால் எரிபொருள் போதவில்லை, ஊசியை உடனே திறந்துவிட வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸ் பழைய ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிக்னல் போனால் தானாக பிரேக் போடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் மாட்டினோம். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகிற வண்டி இது, அதில் சிக்கனம் பார்க்கக்கூடாது. சரவணம்பட்டியில் விற்காமல் கிடக்கிற சைட்டில் ஓட்டினோம், யாரும் சத்தம் போடவில்லை.

இனி எரிபொருள்தான் தலைவலி. தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்த பிறகு கெமிக்கல் கடைக்காரர்கள் அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. "லைசென்ஸ் இருக்குங்களா?" என்றுதான் முதல் கேள்வி. கேட்பது முழுக்க நியாயம். அதனால் மெத்தனால் வாங்கி வீட்டில் கலக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். சட்டம் ஒருபக்கம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்த விஷத்தை வைப்பது இன்னொரு பக்கம். ரெடிமேடாகக் கலந்து விற்பதை மட்டும் வாங்குங்கள். விமான மாடலுக்கு விற்பது வேண்டாம், அதில் பெரும்பாலும் எண்ணெய் கூட, நைட்ரோ குறைவு. கார் எஞ்சினுக்கு 20 சதவீத நைட்ரோ கலந்தது சரியாக இருக்கும். மூடி திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கெட்டுப்போகும், வெளிச்சமும் ஆகாது. கூரியரில் எடுக்க மாட்டார்கள், ரயிலில் கொண்டுவரக் கூடாது. சென்னையில் ஒரு விற்பனையாளரைப் பேசிவைத்திருக்கிறோம். அண்ணன் காரில் போகும்போது வாங்கி வருவார்.

ஓட்டி முடித்ததும் டாங்கில் மிச்சமிருப்பதைக் காலி செய்து, பிளக்கைக் கழற்றி நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றிவைக்கச் சொல்லியிருக்கிறேன். பரணில் கிடந்த வண்டிக்கு அதைச் செய்யாததால்தான் அத்தனை பாடும். டல்லாஸ் திரும்பியதும் பிளக்கும் ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சும் இங்கிருந்து அனுப்பியாகிவிட்டது. கிளட்ச் பெல் பேரிங் லேசாகச் சத்தம் போடுகிறது என்று நேற்று போனில் சொன்னான். அதை அனுப்ப வேண்டாம் சித்தப்பா, கணபதியிலேயே அளவு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றான். சனிக்கிழமை காலையில் போகிறானாம்.