இங்கிலாந்தின் பழைய சுகாதார அறிக்கைகள்: 47ஆம் பிரிவைத் தேடி வாசித்தபோது

இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களுக்கு அவற்றின் சுகாதார அலுவலர்களான மருத்துவர்கள் ஆண்டுதோறும் அளித்த அறிக்கைகளை, யாரும் கட்டணமின்றி வாசிக்கும்படி வெல்கம் நூலகம் மின்னுருவாக்கி வைத்திருக்கிறது. லண்டனுக்கு மட்டுமே 1848 முதல் 1972 வரை 5,500க்கும் மேற்பட்ட அறிக்கைகள் உள்ளன. நான் விரும்பி வாசித்தவை 1950களின் ஊரக மாவட்டங்களைப் பற்றியவை. பொதுநலப் பணியில் அக்கறையுள்ள எவருக்கும் இவற்றை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

மாவட்டத்தின் பரப்பு, மக்கள்தொகை, வீடுகளின் எண்ணிக்கை, சொத்து மதிப்பில் பவுண்டுக்கு ஒரு பென்னி வீதம் வரி விதித்தால் மன்றத்துக்குக் கிடைக்கும் தொகை என்று தொடங்கி, குடிநீர், பால், இறைச்சி, தொற்றுநோய் என அறிக்கை நகர்கிறது. இவை பயனுள்ளவையே. ஆனால் என்னை நிறுத்தி வைத்தது, பல அறிக்கைகளில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் தேசிய உதவிச் சட்டத்தின் 47ஆம் பிரிவு.

தேசிய சுகாதார சேவை தொடங்கிய அதே 1948 ஜூலை 5 அன்று இச்சட்டமும் நடைமுறைக்கு வந்தது. கடும் நாட்பட்ட நோயாலோ முதுமைத் தளர்ச்சியாலோ தம்மைக் கவனித்துக்கொள்ள இயலாமல், பிறர் கவனிப்பும் இல்லாமல், சுகாதாரக் கேடான சூழலில் வாழ்பவரை, சுகாதார அலுவலரின் சான்றைக் கொண்டு நீதிமன்ற ஆணை பெற்று, மருத்துவமனைக்கோ காப்பகத்துக்கோ அவர் விரும்பாவிட்டாலும் மாற்ற மாவட்ட மன்றத்துக்கு இப்பிரிவு அதிகாரம் அளித்தது. வழக்கமான ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமலே, இன்னொரு மருத்துவரின் ஒப்புதலுடன், மூன்று வாரங்கள் வரை மாற்றி வைக்க 1951ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. அடக்கம் செய்ய எவரும் முன்வராத உடலை அடக்கம் செய்யும் கடமையும் 50ஆம் பிரிவின்படி இதே மன்றத்தைச் சேர்ந்ததாக இருந்தது.

இந்த ஏற்பாட்டின் பெருங்குறையும் இங்கேதான் வெளிப்படுகிறது. ஒரு முதியவரை வீட்டிலிருந்து அகற்றக் கோரும் அதிகாரம் மாவட்டத்திடம் இருந்தது. அவரை வீட்டிலேயே வாழவைக்கக்கூடிய வீட்டுச் செவிலியரும் வீட்டு உதவியாளரும், பல மாவட்டங்களை உள்ளடக்கிய கவுண்டியின் மன்றத்தின்கீழ் இருந்தனர். மாவட்டச் சுகாதார அலுவலர் பதவியையும் கவுண்டி மன்றத்தின் மருத்துவப் பதவியையும் ஒரே மருத்துவர் வகித்த இடங்களில் இந்த இடைவெளி குறைந்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். ஏனெனில் கழிவுநீர் தேங்கிய வீட்டையும் அதனுள் தனித்திருந்த மனிதரையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அகற்றப்பட்டவர் என்ன சொன்னார் என்பதை நான் வாசித்த பக்கங்களில் எங்கும் காணவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

புதிதாக வாசிக்கத் தொடங்குபவர், பல மாவட்டங்களைப் புரட்டாமல், ஒரே மாவட்டத்தின் அறிக்கைகளை ஆண்டு வரிசையில் வாசிப்பது நல்லது. ‘துப்புரவு ஆய்வாளர்’ 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் ‘பொதுச் சுகாதார ஆய்வாளர்’ ஆவதும், வாளிக் கழிப்பறைகள் சிறிது சிறிதாக மறைவதும் அப்போதுதான் கண்ணில் படும்.