தண்டையார்பேட்டை மாடி செஸ் கிளாஸ், 4 மாசம் கழிச்சு

பையன சேத்து 4 மாசம் ஆச்சு. முன்னாடி போன இடத்துல ஓப்பனிங்க (ஆட்டத்தோட ஆரம்ப மூவ்ஸ) மட்டும் மனப்பாடம் பண்ண வச்சாங்க, எதிராளி வேற மூவ் ஆடுனா புள்ள முழிப்பான். இங்க சார் பழைய கேம் ஒன்னு எடுத்து, போர்டுல ஒவ்வொரு மூவா வச்சு, அடுத்தது என்னன்னு பசங்களயே கேக்குறாரு, சொன்னதுக்கு காரணமும் சொல்லணும்.

மொத கேம் 1858ல பாரிஸ் ஆபரா ஹவுஸ்ல அமெரிக்க செஸ் வீரர் மார்ஃபி ஆடுனது, வெறும் 17 மூவ் தான். 16வது மூவ்ல குயினயே குடுத்துட்டு அடுத்த மூவ்ல ரூக்கும் பிஷப்பும் வச்சே செக்மேட்! அதுக்கும் மேல, கருப்போட ராஜா பக்க பிஷப்பும் ரூக்கும் கடைசி வரைக்கும் எடத்த விட்டு நகரவே இல்லன்னு சார் காட்டுனப்போ தான் காய வெளிய எடுன்னு ஏன் சொல்றாங்கன்னு எனக்கே புரிஞ்சுது. அப்புறம் 1956ல, பின்னாடி உலக சாம்பியன் ஆன ஃபிஷர் 13 வயசுல டொனால்ட் பைர்ன்கிட்ட குயின் குடுத்து ஜெயிச்சது, அதுக்கே 2 கிளாஸ் போச்சு, போகட்டும், அவ்ளோ விஷயம் இருக்கு.

ரூம் சின்னது, சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் ஜாஸ்தி, காலைல பேட்ச் கேளுங்க. இப்பல்லாம் தோத்தா அழாம, எழுதி வச்ச மூவ்ஸ எடுத்துட்டு வந்து எங்க விட்டேன்னு என்கூட உக்காந்து பாக்குறான்.